எண்பதிலேயே நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கார் வந்த நாளிலிருந்து சார்ஜை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றியதே இல்லை என்று எழுதியிருக்கிறாய். சபாஷ் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். பாதி சபாஷ்தான்.

உன் வண்டியில் இருப்பது எந்த பேட்டரி? தெரியாது, இல்லையா? கலர் பார்க்க எத்தனை ஷோரூம் ஏறி இறங்கினாய், இதை ஒரு இடத்தில் கேட்டிருக்கக் கூடாதா? கையேட்டை எடுத்துப் பார்.

நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. என்றால் உன் பழக்கம் நல்ல பழக்கம். செல் 4.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது உள்ளே இருக்கும் மின்பகுளி மெல்லச் சிதைகிறது. மின்முனைமேல் படிந்த படலம் தடிக்கிறது. அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் பிறகு வேலைக்கு வராது. வெயில் சேர்ந்தால் எல்லாமே வேகமெடுக்கும். ஆகவே கெடுதல், நூறு ஏற்றியபடியே மே மாத வெயிலில் நாள்கணக்காக நிறுத்திவைப்பதில்தான். ஏற்றிய கையோடு ஓட்டினால் பயப்பட ஒன்றுமில்லை.

இது புரியாமல்தான் மதுரைக்குப் போகும்போதும் எண்பதோடு கிளம்பியிருக்கிறாய். ஏனடா இந்த வதை? முழு சார்ஜில் 300 கி.மீ. ஓடும் வண்டி எண்பதில் 240தான் ஓடும். இருபதுக்குக் கீழே இறக்க மாட்டேன் என்று இன்னொரு விரதம் வேறு. மிச்சம் 180. பயணத்துக்கு முந்தைய இரவு, கிளம்பும் நேரத்துக்குச் சரியாக நூறு ஆகும்படி டைமர் வை. முதல் சில கிலோமீட்டருக்கு, வேகம் குறையும்போது கரண்ட் திரும்பி ஏறுவது குறைவாக இருக்கும். வண்டி பழுது என்று நினைத்து எனக்குப் போன் செய்யாதே. வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் மட்டும் எண்பதோடு எடுத்துவிடு. அதற்குமேல் மிக மெதுவாகத்தான் ஏறும், பின்னால் வேறொருவர் காத்திருப்பார்.

கையேட்டில் எல்.எஃப்.பி. என்று இருந்தால் கதை வேறு. நெக்ஸான் இ.வி.யில் இருப்பது அதுதான். இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் வோல்ட்டேஜ் வித்தியாசம் மிகக் குறைவு. வண்டி உள்ளே போன கரண்டையும் வெளியே வந்ததையும் கணக்கு வைத்தே மீட்டரைக் காட்டுகிறது. அந்தக் கணக்கில் பிழை சேர்ந்துகொண்டே போகும். முழுதாக ஏற்றினால்தான் நேராகும். டெஸ்லாவே தன் எல்.எஃப்.பி. கார்களை வாரம் ஒருமுறையாவது நூறு வரை ஏற்றச் சொல்கிறது. நீ எண்பதிலேயே நின்றால், மீட்டர் 15 காட்டும்போது உண்மையில் அவ்வளவு இல்லாமல் போகலாம். நடுரோட்டில், குழந்தைகளோடு.

"அப்படியானால் எல்.எஃப்.பி.க்கு நூறு ஒன்றும் செய்யாதே?" என்று உடனே அடுத்த கோடிக்கு ஓடாதே. அதுவும் நிறைந்தபடி வெயிலில் கிடந்தால் தேயும், கொஞ்சம் மெதுவாக. பொங்கலுக்கு ரயிலில் ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருக்கப் போகிறாய் அல்லவா? எந்த பேட்டரியானாலும் ஐம்பதுக்குப் பக்கத்தில் விட்டு, நிழலில் நிறுத்திவிட்டுப் போ.

அன்புடன்,
அண்ணன்