திராட்சைப் பந்தலில் இலைவழித் தெளிப்பு

சூளகிரி வட்டாரத்தில் கொத்தமல்லியும் புதினாவும் தக்காளியும் பயிரிடுவோர், எல்லைக்கு அப்பாலுள்ள கோலார், சிக்கபள்ளாப்பூர் பகுதிகளின் திராட்சைப் பந்தல்களைக் கண்டு, அத்தொழிலில் நாமும் இறங்கலாமா என எண்ணுவதில் வியப்பில்லை. அங்குள்ள செம்மண்ணும் மேட்டுநிலத் தட்பவெப்பமும் நமக்கு அந்நியமானவை அல்ல. பந்தல் போடுவது ஒரு முறை செய்யும் செலவு. தெளிப்போ ஒவ்வொரு போகத்திற்கும் தொடரும் செலவு. எதை, எப்பொழுது, யாருக்கு விற்பதற்காகத் தெளிக்கிறோம் என்பதை அறியாமல் தெளித்தால், மருந்துக் காசும் போகும். பழமும் விலை போகாது.

முதற்கண் இலையைப் பற்றி ஒரு செய்தி. திராட்சை இலையின் சுவாசத் துளைகள் அதன் அடிப்புறத்திலேயே உள்ளன. அடிச்சாம்பல் நோய்க் கிருமி நுழைவது இத்துளைகளின் வழியாகவே. தெளிக்கும் சத்து நீரும் அடிப்புறத்தில் எளிதில் உள்ளே செல்லும். ஆகவே பந்தலின் கீழே நின்று, தெளிப்பானின் முனையை மேல்நோக்கிப் பிடித்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். மேற்புறம் மட்டும் நனைந்தால் பாதி வேலையே நடந்ததாகும். காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்திருக்கும் வேளையே ஏற்றது.

பூக்கும் பருவத்தில் போரான் குறைந்தால் மகரந்தம் சரிவர முளையாது. கொத்தில் பெருங்காயும் சிறுகாயும் கலந்து நிற்கும். துத்தநாகக் குறைவாலும் இலை சிறுத்துக் காய்ப்பிடிப்பு கெடும். இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கலவை, 100 லிட்டர் நீருக்குப் போரிக் அமிலம் 100 கிராம், துத்தநாக சல்பேட் 200 கிராம், யூரியா 1 கிலோ என்பதாகும். பூப்பதற்கு முன் ஒரு முறையும், பத்து நாள் கழித்து மறு முறையும் தெளிக்க வேண்டும். அளவை மிஞ்சினால் இலை கருகும். கூடுதலாகப் போட்டால் கூடுதலாகக் காய்க்கும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை! வேருக்கு இடும் தொழுவுரத்திற்கும் அடியுரத்திற்கும் இத்தெளிப்பு மாற்றாகாது.

பன்னீர் திராட்சையில் ஒரே கொத்தில் பழுத்ததும் பச்சையும் கலந்து நிற்பது பெருங்குறை. காய் பிடித்த 20ஆம் நாளும் 40ஆம் நாளும் 100 லிட்டர் நீருக்கு 200 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்துத் தெளித்தால் சீராகப் பழுக்கும். உண்ணும் பழத்திற்கு இது நன்மையே. ஒயினுக்கு அளிக்கும் பழத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. சாற்றில் பொட்டாசியம் மிகுந்தால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படிந்துவிடும்; புளிப்பு குறையும்; ஒயினின் நிறம் மங்கி, எளிதில் கெடும். கருநாடக அரசு 2007ஆம் ஆண்டில் ஒயின் கொள்கை வகுத்தது. அங்குள்ள ஆலைகளுக்குப் பழம் தர விரும்புவோர், பொட்டாஷைக் கையாளுமுன் வாங்குவோரைக் கலந்து கொள்வதே முறை. சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் கந்தகத்தையும் அறுவடை நெருங்குமுன் நிறுத்திவிட வேண்டும். பழத்தில் தங்கிய கந்தகம் சாறு நொதிக்கும்பொழுது அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்கும்.

மழைக்காலத்தில் போர்டோ கலவையே நமக்குத் துணை. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்தனர். அக்கொடிகளில் நோய் இல்லாததைக் கவனித்த மில்லார்டே என்னும் அறிஞர், 1885இல் இதனை உலகிற்கு அறிவித்தார். திருடனுக்கு அஞ்சிச் செய்தது கொடிக்கு மருந்தாயிற்று. மயில்துத்தம் 1 கிலோ, நீர்த்த சுண்ணாம்பாக்கிய சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் என்பது அளவு. கலவையில் தீட்டிய இரும்புக் கத்தியை அமிழ்த்திப் பார்க்க வேண்டும். செம்புநிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். வேலையைச் சுருக்க எண்ணித் துத்தநாக சல்பேட்டை இதே தொட்டியில் கொட்டுவது தவறு. சுண்ணாம்பு அதனைப் படிய வைத்துவிடும். சத்து இலைக்கு எட்டாது.

2010ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற்குச் சென்ற இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் என்னும் மருந்தின் எச்சம் அனுமதித்த அளவை மீறியதால் சரக்குகள் மறுக்கப்பட்டன. விவசாயிகள் பெரும் நட்டமுற்றனர். கொடியின் மிகை வளர்ச்சியை அடக்கத் தெளிக்கப்பட்ட மருந்து அது. பழத்தைக் கண்ணால் பார்த்து எவரும் குறை கண்டிருக்க முடியாது. ஆகவே மருந்தின் பெயர், அளவு, தெளித்த தேதி ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதும், மேலுறையில் அச்சிட்டுள்ள காத்திருப்பு நாட்களை எண்ணியே பறிப்பதும் வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் வட்டாரத்தில் பந்தலுக்கு அடுத்த வயலிலேயே கொத்தமல்லி நிற்கக்கூடும். அது கழுவியவுடன் பச்சையாகவே இலையில் பரிமாறப்படும் பயிர். காற்று வீசும் வேளையில் தெளித்தால் துத்தமும் கந்தகமும் அதன்மேல் படியும். எவர் தோட்டத்தில் எந்நாளில் தெளிப்பு என்பதை முந்திய நாளே பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால், அண்டை வயல்காரர் தம் கீரையை முன்கூட்டியே அறுத்துக்கொள்ள வழியுண்டு.