மைட்டோகாண்ட்ரியா எழுப்பும் அபாயக்குரல்

நம்பிக்கை: மைட்டோகாண்ட்ரியாவின் வேலை செல்லுக்கு ஆற்றல் தருவது. நோய் எதிர்ப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

உண்மை: பள்ளிப் பாடம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறோடு நின்றுவிடுவதால் வந்த எண்ணம் இது. 2005இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே புரதத்தைக் கண்டுபிடித்தன. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜிஜியான் சென்னின் குழு அதற்கு மேவ்ஸ் என்று பெயர் வைத்தது. அது மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கிறது. செல்லுக்குள் நுழைந்த வைரஸின் ஆர்என்ஏவை ரிக்-ஐ என்ற புரதம் இனங்கண்டு மேவ்ஸிடம் சேதி சொல்கிறது. உடனே மேவ்ஸ் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகத் திரள்கின்றன. சேதி உட்கருவுக்குப் போய், வைரஸை எதிர்க்கத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் உற்பத்தி தொடங்குகிறது. அக்கம்பக்கத்துச் செல்களும் உஷாராகின்றன.

மேவ்ஸ் அந்தச் சவ்வில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹெபடைடிஸ் சி வைரஸே சாட்சி. அதன் நொதி ஒன்று மேவ்ஸைச் சவ்விலிருந்து வெட்டி விடுகிறது. வெட்டுப்பட்ட மேவ்ஸால் சேதியைக் கடத்த முடிவதில்லை. எங்கே அடித்தால் எதிர்ப்பு அடங்கும் என்பது வைரஸுக்கு நன்றாகவே பிடிபட்டிருக்கிறது!

நம்பிக்கை: உடலில் அழற்சி என்றால் கிருமி புகுந்திருக்கிறது.

உண்மை: பலத்த அடிபட்டவர்களுக்குக் கிருமியே இல்லாமலும் உடல் முழுக்க அழற்சி பரவலாம். பாஸ்டனில் கார்ல் ஹாசரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டியது. விபத்தில் சிக்கியவர்களின் ரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ, நலமாக இருப்பவர்களைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடுதலாக இருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை ஒரு பாக்டீரியா. அதன் வட்ட வடிவ டிஎன்ஏவிலும், உள்ளே உருவாகும் புரதங்களின் தொடக்க நுனியிலும் அந்தச் சாயல் இன்னும் போகவில்லை. திசு நசுங்கி அவை வெளியே சிதறும்போது, பாக்டீரியா வந்துவிட்டதாகவே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கொதித்தெழுகின்றன. இதை வைத்து, அடிபட்ட பிறகு வரும் காய்ச்சலை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. கிருமித் தொற்று இல்லை என்பதை மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும்.

நம்பிக்கை: மைட்டோகாண்ட்ரியாவை ஊக்குவிக்கும் மாத்திரையோ பொடியோ சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி கூடும்.

உண்மை: எதைக் கூட்டுவது? கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் பாக்டீரியாவைச் சந்தித்தால், அதன் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் கிரெப்ஸ் என்ற வேதிச் சுழற்சி வழக்கமான ஓட்டத்திலிருந்து விலகுகிறது. அங்கே தேங்கும் சக்சினேட் அழற்சியைக் கிளப்புகிறது. அதே சுழற்சியிலிருந்து பிரியும் இட்டகோனேட் அழற்சியைத் தணிக்கிறது. கிளப்புவதும் அடக்குவதும் ஒரே இடத்திலிருந்துதான். டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களிலோ மைட்டோகாண்ட்ரியாவின் வடிவமே மாறுகிறது: எலிகளில் செய்த சோதனைகளில், போரிடும் செல்களில் துண்டு துண்டாகவும் நினைவுச் செல்களில் நீண்டு இணைந்தும் காணப்பட்டது. இவ்வளவு நுணுக்கமான ஏற்ற இறக்கத்தை ஒரு டப்பாவின் மேல் "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று ஒட்டி விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

எதிர்ப்பு கூடினாலே நல்லது என்றும் இல்லை. எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளை எண்ணிப் பாருங்கள். அவர்களின் நியூட்ரோஃபில்களிலிருந்து வெளியேறும், ஆக்சிஜனேற்றமடைந்த மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இன்டர்ஃபெரானைத் தூண்டிக்கொண்டிருப்பதை 2016இல் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த நோய்க்கு அமெரிக்கா 2021இல் ஒப்புதல் அளித்த அனிஃப்ரோலுமாப் மருந்து, இன்டர்ஃபெரானின் ஏற்பியை அடைத்து, எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைக் குறைக்கிறது.