தவறியபின் வரும் கூச்சம்

 



ரமளான் வந்துவிட்டால் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில், கடலோரக் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் தொடங்கி உள்ளே அன்னவாசல் வரை, பள்ளிவாசல்களில் தராவீஹ் தொழுகை நடக்கிறது. இளம் ஹாஃபிழ்கள் முன்னால் நின்று ஓதுகிறார்கள். ஓர் இரவு அப்படி ஒரு பிள்ளைக்கு ஓர் ஆயத்தில் தடுமாற்றம் வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுபடியும் தடுமாறுகிறார். தொழுகை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறுகிறார். மறுநாள், "வேறு யாரையாவது நிறுத்துங்கள் ஹஜ்ரத்" என்கிறார்.

ஹாஃபிழுக்கு மட்டுமல்ல, நம்மில் யாருக்கும் இது வரலாம். வயதான பிறகு தொழ ஆரம்பித்த ஒருவர், எழ வேண்டிய ரக்அத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்தில் ஒருவர் சிரித்துவிடுகிறார். அடுத்த ஜும்ஆவில் அவர் கடைசி ஸஃப்பில் நிற்கிறார். அதற்கடுத்த வாரம் அவரைக் காணவில்லை.

தவறு நடந்தது ஒரு நிமிடம். அதன் பிறகு வந்த கூச்சம் அவரை மாதக்கணக்கில் பள்ளியை விட்டே விலக்கிவிடுகிறது. நஷ்டம் எதில் பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

வெட்கம் எங்கே கொண்டு போகிறது?

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாவத்தின் பக்கம் கால் போகும்போது பிடித்து இழுப்பது அந்த வெட்கம்தான். ஆனால் தொழுகைக்கும் ஓதலுக்கும் வரவிடாமல் தடுக்கும் கூச்சம் அந்தக் கிளையைச் சேர்ந்ததல்ல.

நம் தந்தை ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றை அல்லாஹ் அல்அஃராஃப் அத்தியாயத்தில் சொல்லிக் காட்டுகிறான். தடுக்கப்பட்ட மரத்தைச் சுவைத்ததும் அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் வெட்கப்பட்டு இலைகளால் தங்களை மூடிக்கொண்டார்கள். ஆனால் அந்த வெட்கம் அவர்களின் வாயை அடைத்துவிடவில்லை. எங்களுக்கு நாங்களே அநீதி இழைத்துக்கொண்டோம் என்று ஒப்புக்கொண்டு, இறைவனிடமே மன்னிப்புக் கேட்டார்கள். அதே அத்தியாயத்தில், ஸஜ்தா செய்ய மறுத்த இப்லீஸிடமும் காரணம் கேட்கப்படுகிறது. அவன் தன் பெருமையைப் பேசினான், விரட்டப்பட்டான்.

நல்ல வெட்கம் நம்மை அல்லாஹ்வின் வாசலுக்குக் கொண்டு வரும். அங்கிருந்து ஓட வைப்பது எதுவோ, அது ஷைத்தானுக்கு லாபம்.

முழு ஜமாஅத்துக்கு முன்னால் வந்த மறதி

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. மதீனாவில் லுஹர் அல்லது அஸர் தொழுகை. நான்கு ரக்அத்துக்குப் பதிலாக இரண்டிலேயே நபி (ஸல்) அவர்கள் ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பிறகு பள்ளியிலிருந்த ஒரு மரத்துண்டில் சாய்ந்து நின்றார்கள். அவசரக்காரர்கள், தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதோ என்று பேசிக்கொண்டே வெளியேறினார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அங்கே இருந்தார்கள். மரியாதையால் அவர்களும் பேசவில்லை. துல்யதைன் என்று அழைக்கப்பட்ட நீண்ட கைகளுடைய ஒரு தோழர்தான், மறந்துவிட்டீர்களா, அல்லது தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றார்கள் நபியவர்கள். பிறகு மக்களிடம் விசாரித்தார்கள். மக்கள், அவர் சொல்வது உண்மைதான் என்றார்கள். உடனே விடுபட்டதைத் தொழுது முடித்து, மறதிக்காக இரண்டு ஸஜ்தாக்கள் செய்தார்கள்.

அவ்வளவுதான்! கேட்டவர் மீது கோபமில்லை, மறந்ததற்கு நீண்ட விளக்கமில்லை. அடுத்த வக்துக்கும் அவர்களே இமாமாக நின்றார்கள். இன்னொரு முறை லுஹரை ஐந்து ரக்அத்தாகத் தொழுதுவிட்டபோது, தாமும் மனிதர்தான், மற்றவர்களைப் போல மறப்பவர்தான், மறந்தால் நினைவூட்டுங்கள் என்று தோழர்களிடம் சொன்னார்கள். இதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் ஹனஃபிகளும் இருக்கிறோம், ஷாஃபிஈகளும் இருக்கிறோம். ஸஜ்தா ஸஹ்வை ஸலாமுக்கு முன் செய்வதா, பின் செய்வதா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. இரண்டே ஸஜ்தா, மூன்றாவது கிடையாது. மார்க்கம் இரண்டு ஸஜ்தாவோடு முடித்துவைத்த ஒன்றை, நாம் ஏன் இரண்டு வருடம் மனதில் சுமக்க வேண்டும்?

திட்டாததால் திறந்த வாசல்

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) இஸ்லாத்துக்குப் புதியவர். நபியவர்களுக்குப் பின்னால் தொழும்போது ஒருவர் தும்மினார். இவர் சத்தமாகப் பதில் சொல்லிவிட்டார். எல்லோரும் முறைத்தார்கள். ஏன் என்னைப் பார்க்கிறீர்கள் என்று தொழுகையிலேயே கேட்டுவிட்டார். மக்கள் தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். எவ்வளவு கூசிப் போயிருப்பார்!

தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடியவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலும்தான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் பின்னும் நான் கண்டதில்லை என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

நாம் பெரும்பாலும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறோம். முஸ்லிமில் அந்த ஹதீஸ் இன்னும் தொடர்கிறது. அவர் எழுந்து போய்விடவில்லை. குறி சொல்பவர்களைப் பற்றிக் கேட்டார், சகுனத்தைப் பற்றிக் கேட்டார். கடைசியில், உஹது மலைப் பக்கம் தம் ஆடுகளை மேய்த்த அடிமைப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். ஓநாய் ஓர் ஆட்டைக் கொண்டுபோன கோபத்தில் அவளை அறைந்துவிட்டதை ஒளிக்காமல் சொன்னார். நபியவர்கள் அதைப் பெரிய குற்றமாகக் கருதினார்கள். அவளை விடுதலை செய்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். அவளை அழைத்துவரச் செய்து, சில கேள்விகள் கேட்டு, இவள் முஃமினான பெண், விடுதலை செய்யுங்கள் என்றார்கள் நபியவர்கள்.

சகோதரர்களே, சிறிய தவறில் அவரை அவமானப்படுத்தியிருந்தால், இந்தப் பெரிய தவறைச் சொல்ல அவருக்கு வாய் வந்திருக்குமா?

நாம் செய்ய வேண்டியது

தவறியவருக்கு: மறதியானால் அதற்குரிய பரிகாரத்தைச் செய்துவிட்டு, அடுத்த வக்துக்கே வந்து நில்லுங்கள். தள்ளிப் போடப் போடக் கூச்சம் வளரும். எல்லோரும் நம்மையே நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும். சென்ற ரமளானில் ஹாஃபிழ் எந்த ஆயத்தில் தடுமாறினார் என்று நம்மில் யாருக்காவது நினைவிருக்கிறதா? நடந்தது மறதியல்ல, பாவம் என்றால் தவ்பா செய்யுங்கள். மனிதருடைய உரிமை என்றால் அவரிடம் நேர் செய்யுங்கள். அல்லாஹ் மறைத்த பாவத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப் பகிரங்கப்படுத்துவதை நபியவர்கள் கண்டித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் நிற்பவருக்கு: சிரிக்காதீர்கள். சொல்ல வேண்டியதைத் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். இமாம் மறந்தால் ஸுப்ஹானல்லாஹ் சொல்லி நினைவூட்டுவதுதான் ஆண்களுக்குக் கற்றுத் தரப்பட்ட முறை. திருத்தும் வார்த்தையே அல்லாஹ்வைத் துதிக்கும் வார்த்தையாக இருப்பதைக் கவனியுங்கள். தடுமாறிய பிள்ளையை மறுநாள் இரண்டு ரக்அத்துக்காவது முன்னால் நிறுத்துங்கள். இரண்டு வாரமாக வராதவரின் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி, நடந்ததைப் பேசாமல், கையோடு அழைத்து வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மறதிகளையும் பாவங்களையும் மன்னிப்பாயாக! தவறியபின் உன் வாசலுக்கே திரும்பும் வெட்கத்தை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் நாவால் எவரும் உன் பள்ளியை விட்டு விலகிவிடாமல் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.