உறையிட்ட யூரியா: போசணை வெளியேறும் நாட்களைக் கணித்தல்

யூரியா விரைவிற் கரையும் பசளையாகும். நீர் நிற்கும் வயலில் அதனை ஒரே முறையில் இட்டால், ஒரு பகுதி வாயுவாகவும் ஒரு பகுதி நீரோடும் கழிந்துவிடும். இட்ட நைதரசனிற் பாதியைக்கூடப் பயிர் பெறாதிருத்தல் சாதாரணமாகும். இக்குறையை நீக்குவதற்காக, பல்பகுதியம் எனப்படும் பிளாத்திக்கு வகைப் பொருளின் மெல்லிய உறையால் யூரியா மணிகளை மூடிப் பசளை ஆக்குகின்றனர். ஆயினும், பையில் "100 நாள்" என அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பும் கமக்காரர் நட்டமடைதல் கூடும். அந்நாட்களைத் தமது வயலுக்கேற்பக் கணித்தறியும் முறையை இங்கு விளக்குவோம்.

உறையினுள் நிகழ்வது யாது?

போசணை வெளியேறுவது மூன்று பருவங்களில் நடைபெறும்.

1. தாமதப் பருவம்: மண்ணிலுள்ள நீர் ஆவியாக உறையினூடே உட்புகுந்து யூரியாவிற் சிறிதளவைக் கரைக்கும். இப்பொழுது வெளியேறுவது மிகச் சொற்பம்.

2. சீரான பருவம்: உள்ளே கரையாத யூரியா எஞ்சியிருக்கும்வரை கரைசல் நிரம்பிய நிலையிலேயே இருக்கும். ஆகையால் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு வெளியேறும். கணக்கின்படி, யூரியாவிற் பாதியளவு இப்பருவத்திலேயே வெளியேறும்.

3. குறையும் பருவம்: திண்மமான யூரியா முழுவதும் கரைந்தபின் உள்ளிருக்கும் கரைசல் ஐதாகும். வெளியேறும் அளவும் நாளுக்கு நாள் குறையும்.

வெப்பநிலையின் விளைவு

பையிற் குறித்துள்ள நாட்கள் பெரும்பாலும் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அளக்கப்பட்டவை. அந்நாட்களில் முழுப்பசளையும் வெளியேறும் என்பதும் பொருளன்று; ஐரோப்பிய நியமப்படி நூற்றுக்கு 75 பங்காவது வெளியேறுதல் வேண்டும் என்பதே பொருள். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வெளியேறும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். எனவே 100 நாட் பசளை பின்வருமாறு நிலைக்கும்:

20 பாகையில் – 141 நாள்
25 பாகையில் – 100 நாள்
30 பாகையில் – 71 நாள்
35 பாகையில் – 50 நாள்

பயிருக்குப் பொருத்துதல்

மூன்றரை மாத நெல் விதைத்து 40 முதல் 45 நாள்வரையிற் கதிர் உருவாகத் தொடங்கும். ஏறக்குறைய 75 ஆம் நாளிற் பூக்கும். மண் 30 பாகை வெப்பமாயின், "70 நாள்" எனக் குறித்த பசளை 50 நாளிலேயே பெரிதும் தீர்ந்துவிடும். கதிர் வளரும் வேளையிற் பயிர் பட்டினி கிடக்கும். "100 நாள்" எனக் குறித்ததே அவ்வயலுக்குப் பொருந்தும். தாமதப் பருவம் நீண்ட பசளையாயின், இளம் பயிருக்கெனச் சாதாரண யூரியாவிற் சிறிதளவும் வேண்டும். பல மாதம் காய் பறிக்கும் மிளகாய்க்கு 100 நாட் பசளை போதாது. பறித்தல் தொடங்கும் வேளையிலேயே அது தீர்ந்துவிடக்கூடும்.

வயலிற் சோதித்தல்

நான்கு சிறிய நைலோன் வலைப்பைகளில் 20 கிராம் வீதம் பசளையிட்டு, 5 சென்ரிமீற்றர் ஆழத்திற் புதைத்து அடையாளமிடுக. இரு வாரத்துக்கொருமுறை ஒரு பையை எடுத்து, சேற்றை விரைவாகக் கழுவி, நிழலில் நன்கு உலர்த்தி நிறுக்குக. பசளையில் நைதரசன் நூற்றுக்கு 42 எனின், சாதாரண யூரியாவில் அது 46 ஆகையால், 20 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் யூரியா உண்டு. நிறை 11 கிராமாகக் குறைந்திருப்பின் 9 கிராம், அதாவது பாதி, வெளியேறிவிட்டது. இவ்வளவுகளைக் குறித்துவரின், உமது வயலில் அப்பசளை எத்தனை நாள் நிலைக்கும் என்பது புலனாகும்.

கவனிக்கவேண்டியவை

மணிகளை இடித்தலும் நசுக்குதலும் கூடா. உறை உடைந்த மணி சாதாரண யூரியாவாகவே தொழிற்படும்.

வெற்றுறைகள் மண்ணில் எளிதில் உக்கா. யப்பானில் நெல்வயல்களிலிருந்து வடிந்த நீரோடு சென்ற உறைகள் கடற்கரைகளில் ஒதுங்கியுள்ளன. ஆகவே நீரை வடிக்கும்பொழுது வாய்க்கால் வாயிலில் நுண்ணிய வலையிட்டு அவற்றைத் தடுத்தல் வேண்டும்.

வாங்குமுன் பையிலுள்ள நாட்களையும் வெப்பநிலையையும் வாசித்து, இடவேண்டிய அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்க.