ஹோர்ட்டன் சமவெளி: சிகரமா, விளிம்பா?

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள்: எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், உயரமான சிகரம் எது? இரண்டுக்கும் பதில் எளிது. ஆனால் அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு போனவர்களில் பலர் மூடுபனியின் வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். அங்கே ஒரு நாளை உருப்படியாகக் கழிக்க, எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். சமவெளி நுவரெலியாவிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர். பரப்பு 3,160 ஹெக்டேர். 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் இதுவும் ஒன்று. பெயர் 1830களில் ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனுடையது. சிங்களத்தில் மகா எலிய, அதாவது பெருவெளி. அந்தப் பெயர்தான் இடத்துக்குப் பொருந்துகிறது.

பெருவெளி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் குட்டைக் காடுமாக மேசைபோல் விரிந்து கிடக்கும் நிலம் இது. அதன் தென்விளிம்பு சட்டென்று அறுந்து விழுகிறது. ‘உலக முடிவு’ என்று பெயர்பெற்ற இடத்தில் அந்தச் சரிவு சுமார் 870 மீட்டர். (சில பழைய வழிகாட்டிகள் 1,200 மீட்டர் என்கின்றன, அந்த மிகையில்லாமலேயே கால் கூசும்.) விடியற்காலையில் கீழே உள்ள தாழ்நிலம் குளிர்ந்து கிடக்கிறது, காற்று அசைவதில்லை. வெயில் ஏற ஏற, சூடான ஈரக்காற்று செங்குத்துச் சுவரோடு மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. ஆகவே காட்சிக்குப் பேர்போன விளிம்புதான் முதலில் மூடிக்கொள்ளும். பெரும்பாலான நாட்களில் காலை 9, 10 மணிக்குள் இது நடந்துவிடும். உள்ளே இருக்கும் புல்வெளியோ அதற்குப் பிறகும் சற்று நேரம் வெயிலில் பளிச்சென்று இருக்கக்கூடும். விளிம்பு காலைக்குரியது, வெளி அதற்குப் பிந்தியது என்ற இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மீதித் திட்டம் தானாக அமையும்.

காலை 6 மணிக்கு வாயில் திறக்கிறது. அதற்கு முன்பே பட்டிப்பொல அல்லது ஒஹிய வாயிலில் வரிசையில் இருங்கள். நடை தொடங்கும் இடம் ஃபார் இன் என்ற பழைய வேட்டை விடுதி. அங்கே பையைச் சோதித்து பாலித்தீன் உறைகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், தண்ணீர் போத்தலில் ஒட்டிய தாளைக்கூட உரித்துவிடுவார்கள். ஆகவே சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள், சோதனை சீக்கிரம் முடியும். சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். பாதை பிரியும் இடத்தில் ‘சின்ன உலக முடிவு’ப் பக்கம் திரும்புங்கள். அங்கே சரிவு சுமார் 270 மீட்டர்தான், அதிகம் தாமதிக்க வேண்டாம். நேரே பெரிய விளிம்புக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள். பலர் நீர்வீழ்ச்சியிலிருந்து தொடங்கி விளிம்பை மேகத்துக்குப் பறிகொடுக்கிறார்கள். நீர்வீழ்ச்சி மூடுபனியிலும் அழகாகத்தான் இருக்கும், அது காத்திருக்கும்.

விடுமுறையில் வந்து நாலு மணிக்கு எழுவதா என்று கேட்கலாம். நுவரெலியாவில் தங்கினால் எழத்தான் வேண்டும். மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒஹிய, பட்டிப்பொல பக்கம் தங்கினால் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம். கொழும்பு – பதுளை ரயில் அந்த இரண்டு நிலையங்களிலும் நிற்கிறது. மண்சரிவால் அடிக்கடி பாதிக்கப்படும் தடம் என்பதால் வண்டி ஓடுகிறதா என்று முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள். ரயிலை நம்பி அன்றைக்கே விளிம்பைப் பிடிக்கவும் முடியாது, முந்தின நாளே வந்து தங்குவதற்கு மட்டும் அது உதவும். நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் பேசுகிறவர்களே பெரும்பான்மை. வேன் வாடகையைத் தமிழிலேயே பேசி முடிக்கலாம். எல்லாரும் விடியலிலேயே வந்தால் கூட்டம் இருக்காதா என்ற கேள்வியும் நியாயமானது. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் இருக்கும். அதற்கு மருந்து கிழமையை மாற்றுவது. நேரத்தை மாற்றினால் கூட்டம் குறையும், காட்சியும் சேர்ந்து போய்விடும்.

இனி சிகரங்கள். இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்கள் இரண்டும் இந்தப் பூங்காவில்தான் இருக்கின்றன: கிரிகல்பொத்த சுமார் 2,390 மீட்டர், தொட்டுப்பொல 2,357 மீட்டர். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குப் படும் உயரம் அடிவாரத்திலிருந்து கணக்காகிறது, கடலிலிருந்து அல்ல. நீங்கள் நிற்கும் சமவெளியே 2,100 மீட்டருக்கு மேல்; சிகரம் அதற்குமேல் இருநூறு, முந்நூறு மீட்டர் எழுந்தால் அதிகம். உயரம் குறைந்த உலக முடிவோ காலடியில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் பள்ளத்தை வைத்திருக்கிறது. பள்ளத்தைப் பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் சிகரம் ஏமாற்றும். அதற்காகச் சிகரங்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவை தருவது வேறு காட்சி: சுற்றிலும் அலையலையாய் மலைத்தொடர், மேகமில்லாவிட்டால் மேற்கே சிவனொளிபாத மலையின் கூம்பு. தொட்டுப்பொல ஏற்றம் பட்டிப்பொல வாயிலிலிருந்து வரும் சாலையோரத்தில் தொடங்குகிறது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சுற்றுப்பாதையை முடித்துவிட்டு, கால் தாங்கினால் அதே நாளில் ஏறலாம். இராவணனின் விமானம் இறங்கிய துறை இது என்று ஒரு கதை உண்டு. ‘தொட்டுப்பொல’ என்றால் துறை. கிரிகல்பொத்த ஏற்றம் அவ்வளவு எளிதல்ல. ஃபார் இன்னிலிருந்து ஒரு வழிக்கே சுமார் 7 கிலோமீட்டர், சதுப்பும் புதரும் கடந்து. அதற்கு ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். பூங்கா அலுவலகத்தில் சொல்லாமல் போகாதீர்கள்.

இவ்வளவு கணக்குப் போட்டும் மூடுபனி முந்திக்கொண்டால்? வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க்காரர்களுடையதைவிடப் பன்மடங்கு, அது வீணா என்ற ஆதங்கம் இயல்பு. ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் ஆபத்து குறைவு, ஆனால் விடியலில் புல்லில் உறைபனி படியும் குளிர் இருக்கும். தென்மேற்குப் பருவ மாதங்களில் நாள் முழுக்க மூடியே கிடக்கலாம். மூடினாலும் உடனே திரும்பிவிடாதீர்கள். இந்தக் காடு அந்த மேகத்தைக் குடித்து வளர்ந்தது. மரங்கள் குட்டையாக முறுக்கிக்கொண்டு நிற்பதும், கிளைகளில் பாசி தொங்குவதும், புல்வெளி நடுவே ரோடோடென்ட்ரான் சிவப்பாய்ப் பூப்பதும், மூக்கில் கொம்புள்ள பல்லி ஒன்று இந்த மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாததும் இந்த ஈரத்தோடு சேர்ந்த கதை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் துணையாறுகள் இங்கிருந்து இறங்குகின்றன. விளிம்பு தெரியாத நாளில் காட்டுக்குள் மெதுவாக நடங்கள். நடைக்குரிய பாதி பயன் அதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. 2015இல் வெளிநாட்டுப் பயணி ஒருவர் படமெடுக்கப் பின்வாங்கி உலக முடிவிலிருந்து விழுந்தார். கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். படத்துக்காக விளிம்பின் பக்கம் முதுகு காட்டாதீர்கள். வாகன நிறுத்தத்தில் கடமான்கள் வந்து கை நீட்டும் தூரத்தில் நிற்கும். அங்கே அவற்றை மரை என்பார்கள். பழக்கப்படுத்தியவர்கள் நம்மைப்போன்ற பயணிகள்தான். அவை எவ்வளவு பார்த்தாலும் பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுக்காதீர்கள்.