குருந்தப் போர்வை

கனிமவியல் நூல்களைப் புரட்டும் மாணவர் 'கொரண்டம்' என்னும் சொல்லைக் கண்டிருப்பர். வைரத்திற்கு அடுத்த கடினமுடைய கனிமத்தின் பெயர் அது. சிவப்பேறினால் மாணிக்கம் என்றும், நீலமேறினால் நீலக்கல் என்றும் நாம் போற்றுவது அதனையே. அச்சொல் ஐரோப்பியர் தாமே ஆக்கிக்கொண்டது அன்று. நம் 'குருந்தம்' கடல் கடந்து சென்று அவ்வுருக் கொண்டது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்பார் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில், ஆசியாவிலிருந்து வந்த அக்கல்லைக் குறித்து ஒரு கட்டுரை வரைந்தார். நம் நாட்டுக் கைவினைஞரோ அதற்கு நெடுங்காலம் முன்பே குருந்தத்தைப் பொடித்து, அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்து, மணிகளைப் பட்டை தீட்டி வந்தனர். நாமக்கல்லை அடுத்த சித்தம்பூண்டிப் பாறைகளில் இக்கல் உண்டு. (அவ்வூர்ப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைகளுக்கு நிலவு மண்ணை ஒத்த மண் ஆக்கினார்கள் என்பது வேறொரு கதை, மன்றத்து நண்பர் எவரேனும் எழுதினால் மகிழ்வேன்.)

குருந்தத்திற்கும் நம் அன்றாட வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். குருந்தம் என்பது அலுமினியமும் உயிர்வளியும் கூடிய பொருள், அலுமினிய ஆக்சைடு. உலோக முதுகுடைய கைப்பேசியைத் தொடும்போது நம் விரலில் படுவது அலுமினியம் அன்று. அதே ஆக்சைடால் ஆன மெல்லிய போர்வை. அப்படியாயின், வைரத்திற்கு அடுத்த கல்லின் இனத்தைப் போர்த்திக்கொண்ட கைப்பேசி, வாங்கிய மூன்றாம் மாதமே கீறலும் தேய்வுமாகக் காட்சி தருவானேன்? அதியன்னூரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வகுப்புக்கு வருபவன் நான். நின்றுகொண்டே வரும் பயணத்தில் பிறர் கைப்பேசிகளின் முதுகுகளே கண்ணுக்கு நேரே நிற்கும். அவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வினா எழுந்தது. இயற்பியல் மாணவனாதலால் விடை தேடும் கடமையும் எனக்கிருந்தது.

கடினம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவு செய்து கொள்வோம். 1812இல் பிரெடெரிக் மோஸ் என்னும் செருமானிய அறிஞர், எது எதனைக் கீறும் என்பது ஒன்றையே அளவாகக் கொண்டு, கனிமங்களைப் பத்துப் படிகளில் நிறுத்தினார். மாக்கல் 1, வைரம் 10. நம் விரல் நகம் இரண்டரை, செம்பு 3, பேனாக்கத்தி ஐந்தரை, சன்னல் கண்ணாடியும் ஏறத்தாழ அவ்வளவே. மணலின் பெரும்பகுதியாகிய குவார்ட்சு 7. குருந்தம் 9. அலுமினியமோ 3க்கும் சற்றுக் கீழே நிற்கிறது. ஏணியின் படிகள்போல் இவை சம இடைவெளி உடையவை அல்ல என்பதை மறத்தல் ஆகாது. ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே உள்ள தொலைவு, ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே உள்ளதினும் பெரிது.

இனிப் போர்வை நெய்யப்படும் முறை. அலுமினியத்தை வெட்டிய கணமே காற்றிலுள்ள உயிர்வளி அதன்மேல் படிந்து ஆக்சைடுத் தோல் ஒன்றை உண்டாக்கிவிடும். ஆயின் அது சில நானோமீட்டர் அளவே, கைப்பேசிக்குப் போதாது. ஆதலின் கைப்பேசிக் கூட்டைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி, மின்கலத்தின் நேர்மின்வாயாக அதனை இணைத்து, மின்சாரம் பாய்ச்சுவர். 'அனோடைஸிங்' என்று ஆலைகளில் வழங்கும் வேலை இதுவே. மேலே பூசப்படும் வண்ணம்போல் அன்றி, உலோகமே மாறி ஆக்சைடாக வளர்கிறது என்பது இதன் சிறப்பு. வளரும் ஆக்சைடு தேனடைபோல் நுண்துளைகள் நிறைந்திருக்கும். அத்துளைகளில் சாயத்தை ஏற்றுவர். பின்னர்ச் சூடான நீரில் அமிழ்த்தினால் ஆக்சைடு நீரை ஏற்றுச் சற்றே பருத்து, துளைவாயை மூடிக்கொள்ளும். சாயம் உள்ளே சிறைப்பட்டுவிடும். இவ்வகைக் கூடுகள் எங்கோ சீனத்தில் மட்டும் செய்யப்படுவன என்று எண்ண வேண்டா. ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கு உரிய கூடுகள் உருவாகின்றன. அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் நம் வயதையொத்த பெண்கள்.

இங்கே இரண்டு உண்மைகளைக் கவனிக்க வேண்டும். இவ்வாறு வளர்ந்த ஆக்சைடு, குருந்தம்போல் ஒழுங்காக அடுக்கிய படிகம் அன்று. துளையும் நெகிழ்ச்சியும் உடையது. ஆதலின் குருந்தத்தின் கடினம் முழுவதும் இதற்கு வாய்ப்பதில்லை. அடுத்து, அதன் தடிப்பு. பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் வரை. நம் தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் அதன் மெலிவை உணரலாம். அம்மெல்லிய கடினப் பொருளுக்கு அடியில் இருப்பதோ மெத்தென்ற அலுமினியம். விருந்திலே சோற்றின்மேல் பப்படத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். பப்படம் முறுகியதுதான், மேசைமேல் வைத்து அழுத்தினால் தாங்கும். சோறு அமுங்குவதால் அது நொறுங்குகிறது. கைப்பேசியின் போர்வைக்கு நேர்வதும் இதுவே.

நம்மில் பலர் கீறலுக்குக் காரணமாகச் சாவிக்கொத்தையும் சில்லறையையும் குற்றஞ்சாட்டுகின்றனர். பித்தளைச் சாவி செம்பை ஒட்டிய கடினமே உடையது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகினால் ஆனவை. அவையும் நல்ல போர்வையை எளிதில் கீற மாட்டா, முனையால் ஓங்கி அழுத்தினாலன்றி. உண்மையில் பெரும்பாலும் நேர்வது தலைகீழ்: போர்வைதான் சாவியைத் தேய்க்கிறது. தேய்ந்த பித்தளைத் துகள் போர்வையின்மேல் கோடாக ஒட்டிக்கொள்கிறது. நாம் அதனைக் கீறல் என்று எண்ணி வருந்துகிறோம். கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கோட்டைப் பலகையின் காயம் என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

அப்படியாயின் உண்மைக் குற்றவாளி யார்? மணல்தான். அதிலும் எங்கள் பக்கத்து மணல்.

அதியன்னூர் கடற்கரையூர் அன்று. எனினும் நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாறும், அதற்குத் தெற்கே பொழியூரும் எங்களுக்கு நெடுந்தொலைவு இல்லை. அங்கிருந்து கரையோரமாகவே தென்கிழக்கே சென்றால் மணவாளக்குறிச்சி. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்திற்கும், நெய்யாற்றின்கரை கேரளத்திற்குமாகப் பிரிந்தன. கடலலை அக்கோட்டைப் பார்ப்பதில்லை. மணலை இப்புறமும் அப்புறமும் அள்ளிப் போட்டபடி இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் குவார்ட்சு மட்டுமா இருக்கிறது? ஐந்து முதல் ஆறு வரை கடினமுள்ள கருநிற இல்மனைட்டு, ஆறரை முதல் ஏழரை வரையுள்ள செந்நிறக் கார்னெட்டு, ஏழரையான சிர்க்கான் ஆகிய யாவும் உண்டு. மோனசைட்டும் உண்டு; அதனால்தான் அவ்வூர் உலகப் பெயர் பெற்றது. அதன் வரலாறு சுவையானது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் செருமானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட்டு இருக்கக் கண்டார். நாரிடையே புகுந்த மணல் கடல் கடந்து செருமனி வரை உதிராமல் போயிருக்கிறது! காற்சட்டைப் பையின் அடித்தையலும் நார்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை பொழியூர்க் கரையில் அமர்ந்து எழுந்தவன் பையில் புகுந்த மணல், புதன்கிழமை வகுப்பறையிலும் அங்கேயே இருப்பதில் வியப்பென்ன?

பையில் இருக்கும் ஒரு மணியளவு கார்னெட்டு என்ன செய்யும்? நடக்கும்போது துணி அதனைப் பின்னின்று அழுத்துகிறது. கைப்பேசி மேலும் கீழும் நழுவுகிறது. அடிக்கு ஒரு தேய்ப்பு. கல்லூரி வாயிலிலிருந்து நூலகம் வரை நடந்தாலே சில நூறு தேய்ப்பு ஆயிற்று. கைவினைஞன் அரக்கில் பதித்த குருந்தப் பொடியால் செய்ததையே, நாம் துணியில் பதிந்த மணலால் செய்துகொண்டிருக்கிறோம். பின்புறத்தில் காந்த வளையம் பதித்த கைப்பேசிகளுக்கு இன்னொரு தொல்லை. இல்மனைட்டு வலிய காந்தத்தால் ஈர்க்கப்படும். மணல் ஆலைகளில் அதனைப் பிரித்தெடுப்பதும் காந்தத்தால்தான். கடற்கரையில் கைப்பேசியை மணல்மேல் வைத்து எடுத்தால், வளையத்தின் வடிவிலேயே கருமணல் ஒட்டியிருப்பதைக் காணலாம். அதை விரலால் வழித்துத் துடைப்பதே முதற்கீறலுக்கு அடிகோலுவது. வாயால் ஊதியோ, தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றியோ எடுத்தல் நன்று.

தேய்வு எங்கே முதலில் தொடங்குகிறது என்று பார்த்தால், எல்லாக் கைப்பேசியிலும் விளிம்பும் மூலையுமே. கையில் மிகுதியும் படுவது அவ்விடம் என்பது காரணத்தின் பாதிதான். ஆக்சைடு எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாக வெளிநோக்கி வளரும். கூர்விளிம்பில் இரு பரப்புகள் சந்திக்கின்றன; ஒரு பரப்பின் வளர்ச்சி ஒரு திசையிலும், மற்றதன் வளர்ச்சி வேறு திசையிலும் போவதால் இடையில் விரிசல் விழுகிறது. கூர்மை மிகுந்த இடத்திலேயே போர்வை வலுவிழந்து நிற்கிறது. 2012இல் வந்த கறுப்பு ஐபோன் 5, வைரமுனையால் சீவிய அதன் பளபளக்கும் விளிம்பில் வெள்ளி தெரியத் தொடங்கிப் பெரும் பூசலுக்கு ஆளாயிற்று. மறு ஆண்டு அக்கறுப்பு கைவிடப்பட்டுச் சாம்பல் நிறம் வந்தது. 2025 செப்டம்பரில் ஐபோன் 17 புரோவுக்கும் அதே கதை: ஒளிப்படக் கருவியைச் சுற்றி எழும்பிய மேட்டின் விளிம்பில் போர்வை பெயர்ந்தது. கடைகளில் காட்சிக்கு வைத்த கைப்பேசிகளின் முதுகில் கண்ட வட்டக் கோடுகளோ, தாங்கியிலிருந்து ஒட்டிய பொருள் என்றும், துடைத்தால் போகும் என்றும் அந்நிறுவனம் விளக்கிற்று. மேலே நான் கூறிய சாவிக்கோட்டின் இனமே அது.

கடினமான உலோகத்தையே பயன்படுத்தலாகாதா என்று கேட்கலாம். 2023இல் ஐபோன் 15 புரோவின் சட்டம் டைட்டேனியத்தில்தான் வந்தது. ஆயின் அலுமினியம் டைட்டேனியத்தினும் ஏறத்தாழ இருபது மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். கருவியின் சூட்டை வெளியேற்ற வேண்டி 2025இல் மீண்டும் அலுமினியத்திற்கே வந்தனர். கடினம் ஒன்றே வேண்டுமென்றால் நம் ஆறன்முளைக் கண்ணாடியைப் பாருங்கள். செம்போடு வெள்ளீயத்தை மிகுதியாகச் சேர்த்து உருக்கிய அவ்வெண்கலம் முகம் காட்டும் அளவு மெருகேறும். கைதவறினால் கண்ணாடிபோலவே உடைந்தும் போகும். பேருந்துப் படியில் தொங்குபவன் கைக்கு அது ஆகாது.

இவை யாவும் ஏட்டறிவு என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. சென்ற ஆண்டு என் சித்தப்பா மகன், தேர்வுக் கட்டணத்திற்காகத் தன் கைப்பேசியை விற்க வேண்டியதாயிற்று. பழைய கைப்பேசி வாங்கும் கடைக்காரர் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்களே, முதுகு முழுக்கக் கீறலாக்கும். மூவாயிரத்துக்கு மேல தர வழியில்ல" என்றாராம். கட்டணத்திற்கு அறுநூறு ரூபாய் குறைந்தது. அவன் என்னிடம் வந்து, "அண்ணே, உறை போடாம வச்சிருந்தது தப்பாப் போச்சு" என்று தலைகுனிந்து நின்றான். நாங்கள் இருவரும் திண்ணையில் அமர்ந்து கோடுகளை எண்ணினோம்; பதினொன்று. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்தோம். ஏழு கோடுகள் மறைந்தன. மூன்று மூலையிலும், ஒன்று ஒளிப்படக் கருவியின் ஓரத்திலுமாக நான்கே எஞ்சின. மறுநாள் அதே கடைக்காரர் மூவாயிரத்து எண்ணூறு கொடுத்தார். எதனால் கோடு மறைந்தது என்று அவர் கேட்கவும் இல்லை. இவன் சொல்லவும் இல்லை. விலை பேசுமுன் செய்ய வேண்டிய சோதனை இது. நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுகிறதா என்றும் பார்க்கலாம். தட்டினால் காயம், தட்டாமல் அழிப்பானுக்கு மறைந்தால் ஒட்டிய கோடு.

காயத்திற்கு மருந்து உண்டா? வீட்டு முறைகளைப் பரிந்துரைப்போர் பலர். குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் செங்கற்பொடியும் கொண்டு துலக்கிய பழக்கம் நமக்கு உண்டல்லவா. பித்தளைக்கு அது தகும். அலுமினிய ஆக்சைடின் இயல்பு வேறு. அமிலமும் அதைக் கரைக்கும், காரமும் கரைக்கும். புளி அமிலம், சாம்பல் காரம், செங்கற்பொடி மணல். மூன்றும் சேர்ந்தால் எஞ்சிய போர்வையும் போய்விடும். பற்பசை தேய்க்கச் சொல்வோரும் அறிந்து சொல்வதில்லை. அதிலுள்ள அராவும் தூள் காயத்தை ஆற்றாது. சுற்றியுள்ள மெருகை மங்கச் செய்து, ஒரு கோட்டை ஒரு திட்டாக்கும். மீண்டும் போர்வை வளர்க்க வேண்டுமாயின் கூட்டை முழுவதும் கழற்றி அமிலத் தொட்டிக்குத்தான் அனுப்ப வேண்டும். எந்தக் கடைத்தெருவிலும் அது கட்டுப்படியாகாது.

ஆயினும் கீறல் விழுந்த இடம் இரும்புபோல் துருவேறிப் பரவும் என்ற அச்சம் வேண்டா. திறந்த அலுமினியத்தின்மேல் முன் சொன்ன இயற்கைத் தோல் உடனே படர்ந்துவிடும். அதைத் துளைக்க வல்லது உப்பு. கடற்காற்றின் உப்பும் நம் வியர்வையின் உப்பும். கரையோரத்து நண்பர்கள் நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அவ்வப்போது துடைத்து வரலாம். புதிதாக வாங்குவோர் வெள்ளி நிறத்தையே தேர்ந்தால், போர்வை தேய்ந்த இடம் கண்ணுக்கு எளிதில் தோன்றாது. கறுப்பிலும் நீலத்திலும் ஒவ்வொரு காயமும் வெள்ளைக் கோடாகக் கத்தும். உறை போடுவோர்க்கும் ஒரு சொல். உறைக்கும் முதுகுக்கும் இடையே புகுந்த மணல் வெளியேற வழியின்றி அங்கேயே அரைத்துக்கொண்டிருக்கும். உறையிட்டே வைத்திருந்த கைப்பேசியின் மூலைகள் தேய்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே. வாரம் ஒருமுறை உறையைக் கழற்றித் தட்டிவிடுங்கள்; காற்சட்டைப் பையையும் வெளியே இழுத்து உதறுங்கள்.