எம்5: சக்தியும் எடையும்

ஞாயிறு மாலைகளில் சங்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். கார் பைத்தியமான ஒரு பையன் சென்ற மாதம் கேட்டான்: "மாமா, முதல் எம்5 காருக்கு 286 குதிரைசக்தி. 2024-ல வந்ததுக்கு 727. அப்போ இரண்டரை மடங்கு துடிப்பா ஓடுமா?" யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் என் தப்பு தெரிந்தது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1985-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் எம்5-ஐ வைத்தது. பார்வைக்கு ஆபீஸ் போகிறவர் ஓட்டும் சாதாரண நான்கு கதவுக் கார். உள்ளே இருந்ததோ எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைத் திருத்திச் செய்த 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். கையாலேயே பூட்டிய கார்கள், மொத்தம் சுமார் 2,200தான். எடை ஏறக்குறைய 1,430 கிலோ.

1988-ல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் ஆறு சிலிண்டர்தான். 1998-ல் எட்டு சிலிண்டர், 400 குதிரைசக்தி. 2005-ல் விற்பனைக்கு வந்ததில் பத்து சிலிண்டர், 507 குதிரைசக்தி. காற்றை வலிந்து திணிக்கும் டர்போ இல்லாமலே, நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை சுழலும் எஞ்சின் அது. பெட்ரோல் குடித்ததும் அப்படித்தான்! இருந்தாலும் என் ஓட்டு அதற்கே. 2011-ல் டர்போவுடன் மறுபடி எட்டு சிலிண்டர். அதுவரை பின் சக்கரங்களால் மட்டும் ஓடிய கார், 2017-ல் நான்கு சக்கரங்களாலும் ஓடியது. 2024-ல் மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தன. எடை சுமார் 2,435 கிலோ!

இப்போது வகுத்துப் பாருங்கள். 286-ஐ 1.43 டன்னால் வகுத்தால் டன்னுக்கு 200 குதிரைசக்தி. 727-ஐ 2.435-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 299. இரண்டரை மடங்கு எங்கே, ஒன்றரை மடங்கு எங்கே! மீதிச் சக்தி கூடுதல் ஆயிரம் கிலோவைச் சுமக்கவே போகிறது.

மறு வாரம் இதைப் பலகையில் எழுதித் தப்பை ஒப்புக்கொண்டேன். பையன் விடவில்லை. "நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட முதல் காருக்கு 6.5 விநாடி. ஒன்றரை மடங்குன்னா 4.3 ஆகணுமே. 3.5 விநாடின்னு போட்டிருக்கே?" நியாயமான கேள்வி. நான்கு சக்கரங்களும் தரையைப் பிடிக்கின்றன. மின்மோட்டாரும் காலை வைத்தவுடனே இழுக்கிறது. அந்த லாபம் அது.

ஆனால் பிரேக் போடும்போது எடை தப்புவதில்லை. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கார்களையும் நிறுத்த, புதியதன் பிரேக் 1.7 மடங்கு ஆற்றலைத் தாங்க வேண்டும். இதை வகுத்துச் சொன்னவன் அந்தப் பையனேதான்.